பொட்டு அழியாத சாணைக்கல்

விலா எலும்புக்குக் கீழே, இடது பக்கம். அங்கே எலும்பு தடுக்காது. ஆனால் அன்புராஜுக்குத் தொப்பை உண்டு. நான்கு விரல் நீளக் கத்தி பத்தாது. ஆறு விரல் வேண்டும்.

ஹெலன் இதை யாரிடமும் சொன்னதில்லை. கடையைத் திறந்து, சாணைக்கல்லை ஓடவிட்டு, அன்றைய முதல் கத்தியை அதன்மேல் சாய்க்கும்போது இந்த எண்ணம் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். பொறி பறக்கப் பறக்க அது வளரும். கத்தி கூரானதும் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கண்ணை மூடினாலும் அதே தொப்பைதான் தெரிந்தது. கடவுள் இந்தப் பக்கம் வந்து நாளாகிறது.

"யம்மா, அந்தக் கத்தி இன்னா பாவம் பண்ணுச்சு? இன்னும் தேச்சா பிடிதான் மிஞ்சும்."

வாசலில் கலியன் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் வினோதா. மீஞ்சூரில் செல்போன் கடை மாடியில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு, துப்பறியும் தொழில் நடத்துகிறவள். வினோதாவுக்குக் கார் ஓட்டுவது கலியனின் வேலை. வாய் ஓட்டுவதை அவன் இலவசமாகச் செய்துவந்தான்.

ஹெலன் கல்லை நிறுத்தினாள். தீட்டி முடித்த கசாப்புக் கடைக் கத்திகளை ஒவ்வொன்றாகப் பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்தாள்; ஒன்றை மட்டும் கைக்குட்டையில் முடிந்தாள்.

"வெள்ளிக்கிழம பொன்னேரி கோர்ட்டுல வாய்தா," என்றாள். "ஒரு சாட்சி பத்தாது, கேஸு நிக்காதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. அவன் ஜாமீன்ல வந்து டீக்கடைல நின்னு பேப்பர் படிக்கிறான் மேடம். அவன் உள்ள போவணும். அதுக்குத்தான் உங்கள கூப்ட்டேன்."

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் வினோதா. "வக்கீலுக்குச் சொன்ன மாதிரி இல்ல. உங்களுக்கே சொல்லிக்கிற மாதிரி."

தனக்கே சொல்லிக்கொள்வதாக இருந்தால் கத்தியிலிருந்துதான் தொடங்கவேண்டும். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னாள்.

இது அவள் புருஷன் குணாளனின் கடை. பழவேற்காட்டிலிருந்து வந்து கும்மிடிப்பூண்டி பஜாரின் இந்த மூலையைப் பிடித்தவன். தையல்காரர் கத்தரிக்கோல், மீன்காரிகளின் அரிவாள்மனை, சிப்காட் கம்பெனிகளின் கட்டர் பிளேடு எல்லாம் இங்கேதான் வரும். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, இதே இடத்தில், ஓடுகிற சாணைக்கல் உடைந்து ஒரு துண்டு அவன் நெஞ்சில் பாய்ந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. கல்லை விற்றவன் அன்புராஜ். சிப்காட் கேட்டுக்கு எதிரே சாணைக்கல்லும் ரம்பமும் விற்கிறவன். அதற்கு முந்தின வாரம்தான், 'இந்த மூலை எனக்கு வேணும், காலி பண்ணு' என்று குணாளனின் சட்டையைப் பிடித்தவன்.

"விரிசல் விட்ட கல்லுன்னு தெரிஞ்சேதான் தந்திருக்கான். அன்னிக்குக் காலைல வேலை முடிஞ்சுதான்னு பாக்க வந்திருக்கான். என் தம்பி எட்வர்ட் பாத்தான். சத்தம் கேட்டு அவன் டீக்கடைலேர்ந்து ஓடியாறான், அன்புராஜு பைக்கு கெளம்பிப் போவுது."

"கடைக்குள்ள மொதல்ல வந்தது எட்வர்டா?"

"ஆமா. அவன்தான் சுவிட்ச்ச அணைச்சிட்டு மாமாவத் தூக்கினான். பொட்டு வச்ச சுவிட்சு. கட்டைவெரல் பூரா சந்தனம். ஆஸ்பத்திரில நான்தான் முந்தானையால தொடச்சு உட்டேன்."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை அவள் சொல்லவில்லை. அன்றிலிருந்து எட்வர்ட் தினமும் ஷிப்டுக்குப் போகுமுன் அவளுக்கு நாஷ்டா வாங்கிவந்து வைத்துவிட்டுப் போகிறான். அவள் சாப்பிட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் போவான்.

"ஒடைஞ்ச கல்லு எங்க?"

"சாக்குல கட்டி வச்சிருக்கேன். போலீசு போட்டோ புடிச்சிட்டுப் போய்ட்டாங்க."

"நீங்க பிரிச்சுப் பாத்தீங்களா?"

"இன்னாத்துக்கு? வித்தவன் யாருன்னுதான் தெரியுமே."

கலியன் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டான். "கனமான கேஸு மேடம்."

"ஹெலன், நீங்களும் வாங்க," என்றாள் வினோதா. "அன்புராஜைப் பாக்கப் போறோம்."

ஹெலன் உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்தது.

*

சிப்காட் சாலையில் இரும்புச் சுருள் ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. கலியன் அவற்றுக்கிடையில் காரை நுழைத்து நுழைத்துப் போனான்.

"இது டிரைவிங் இல்ல மேடம். ஒளிஞ்சு வெளயாட்டு."

ஹெலன் மடியில் பையை வைத்து இரு கைகளாலும் மூடியிருந்தாள். உள்ளுக்குள் ஒரு நிதானம் வந்திருந்தது. திருமணத்தன்று காலையில் இப்படித்தான் இருந்தது. இனி எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை, எல்லாம் நடந்துவிடும் என்கிற நிதானம்.

அன்புராஜ் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

தொப்பை இல்லை.

சட்டை தோளிலிருந்து தொளதொளவென்று தொங்கியது. கழுத்து நரம்பு வெளியே வந்திருந்தது. கடையில் ஒரு வாடிக்கையாளரும் இல்லை. ஷட்டரில் யாரோ கல்லெறிந்த பள்ளங்கள். இத்தனை நாளாகத் தினமும் காலையில் அவள் கத்தி இறக்கிய உடம்பு இது இல்லை. ஹெலனுக்கு ஏமாற்றப்பட்டதுபோல ஆத்திரம் வந்தது. இளைப்பதற்குக்கூட இவனுக்கு யார் உரிமை கொடுத்தது?

"ஹெலன்," என்றாள் வினோதா, திரும்பிப் பார்க்காமலே. "பையில இருக்கறத எடுத்து மேசை மேல வைங்க."

"இன்னா இருக்குது? ஒண்ணுமில்ல."

"மத்த கத்திய எல்லாம் பேப்பர்ல சுத்தினீங்க. ஒண்ண மட்டும் கைக்குட்டைல சுத்தினீங்க. வாடிக்கைக்குக் குடுக்கறத யாரும் கைக்குட்டைல சுத்தித் தரமாட்டாங்க."

ஹெலனின் கை பைக்குள் போயிற்று. பிடி உள்ளங்கையில் வந்து பொருந்தியது. மேசைக்கும் அவனுக்கும் ஓரடி தூரம்கூட இல்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகு கைக்குட்டையோடு மேசைமேல் வைத்தாள். வைத்துவிட்டதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

அன்புராஜ் முடிச்சைப் பிரித்துப் பார்த்தான். முகத்தில் பயம் இல்லை. அலுப்புதான் இருந்தது.

"நல்லா தீட்டியிருக்க," என்றான். "குணாளன் கை அப்டியே வந்திருக்கு."

"எங்க ஊட்டுக்காரு பேர உன் வாயால சொல்லாத!"

"சொல்லுவேன்மா. ஆறு வருஷம் எங்கிட்டதான் கல்லு வாங்கினான். சட்டையப் புடிச்சேன், இல்லன்னு சொல்லல. அந்த மூலை மேல எனக்கு ஆசதான். அதுக்குக் கொல பண்ணுவாங்களா? என் பொண்ண ஸ்கூல்ல கொலகாரன் மவள்னு கூப்புடறாங்க. இந்தக் கேஸு ஒடையட்டும், அப்பறம் உன்ன நான் கோர்ட்டுக்கு இழுக்கல, என் பேரு அன்புராஜு இல்ல."

"அன்னைக்குக் காலைல எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள் வினோதா.

"எத்தினி தபா சொல்றது? இங்கதான். மறுபூஜை. மாமியாரு தேங்கா உடைக்கறேன்னு அருவாள வெரல்லயே போட்டுக்கிச்சு. போலீசு நம்பல, சொந்தக்காரங்க சாட்சின்னாங்க. ஊருக்குப் போன மச்சினி போன வாரந்தான் வீடியோவ அனுப்புச்சு. வக்கீலுக்குக் குடுக்க வச்சிருக்கேன்."

போனை நீட்டினான். கற்பூரப் புகை, உடைந்த தேங்காய், ஒரு கிழவியின் கூச்சல். நடுவில் துணி தேடி ஓடுகிற அன்புராஜ். அப்போது இருந்த தொப்பையோடு. வீடியோவிலேயே யாருக்கோ போன் வருகிறது. 'பஜாருல சாணைக் கடைல கல்லு வெடிச்சிடுச்சாம்' என்று ஒரு குரல். அன்புராஜ் அப்படியே நிற்கிறான்.

கலியன் தலையை ஆட்டினான். "மருமகனுக்காவ எந்த மாமியாரும் வெரல வெட்டிக்க மாட்டாங்க மேடம். இது உண்மையான வீடியோதான்."

ஹெலன் போனைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பைக்கு? எட்வர்ட் பார்த்த பைக்கு? அந்தக் கேள்வியை உள்ளே வரவிடாமல் கதவைச் சாத்தினாள். "அவன் வரலன்னாலும் கல்லு அவன் கல்லுதான்," என்றாள். "விரிசல் கல்லு."

"அதையும் பாத்துடலாம்," என்றாள் வினோதா. "கலியா, கொட்டு."

சாக்கு மேசைமேல் கவிழ்ந்தது. சாம்பல் நிறத் துண்டுகள். அவற்றோடு கயிறுபோல முறுக்கிய ஒரு துணியும் விழுந்தது. ஹெலன் பார்க்கவேண்டாம் என்றுதான் நினைத்தாள். கண் கேட்கவில்லை. தொழில் செய்கிற கண் அது.

இரண்டு துண்டுகளின் பக்கவாட்டில் சந்தனமும் அதன் நடுவே குங்குமமும், வைத்தது வைத்தபடி இருந்தன. மற்ற துண்டுகள் சுத்தமாக இருந்தன.

"பொட்டோட கல்ல எவனாவது ஓட்டுவானா?" என்றான் அன்புராஜ். அவனும் இப்போதுதான் பார்க்கிறான். குரலில் கோபம்கூட இல்லை.

வினோதா ஹெலனைப் பார்த்தாள். "எனக்குப் புரியல. நீங்க சொல்லுங்க."

ஹெலனுக்குச் சொல்ல விருப்பமில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் காபி டம்ளரோடு நின்று வேடிக்கை பார்த்த காட்சி அது. பூஜையன்று இரவு குணாளன் மிஷினுக்கும் கல்லுக்கும் சுவிட்சுக்கும் பொட்டு வைப்பான். மறுநாள் காலை கற்பூரம் காட்டுவான். பிறகு கல்லை மூடியிருக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, எதிரே குனிந்து உட்கார்ந்து, கல்லைக் கையால் உருட்டி உருட்டி ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தெடுப்பான். கல்லின் துளைகளில் சந்தனம் அடைந்தால் கத்தி வழுக்கும். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் துடைத்த பிறகுதான் வாசல் பக்கம் போய் சுவிட்சைப் போடுவான். சுவிட்சை அவன் வேண்டுமென்றே வாசலோரச் சுவரில் வைத்திருந்தான். கல் உடைந்தால்கூட, போடுகிறவன் மேல் பாயக்கூடாது என்று.

அவள் சொல்லச் சொல்ல, சொற்கள் வேகம் குறைந்துகொண்டே வந்தன.

"பாதிதான் துடச்சிருக்காரு," என்றாள். "துடச்சுக்கினு இருக்கும்போதே கல்லு ஓடியிருக்கு. துணி மாட்டி இறுகியிருக்கு. துணி இறுகினா நல்ல கல்லும் ஒடையும்."

"அங்க உக்காந்தா சுவிட்ச் எட்டுமா?"

"எட்டாது."

அன்புராஜ் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவன் அழுகிறானா என்று ஹெலன் பார்க்கவில்லை. அவனுக்காக அவளிடம் ஒன்றும் இல்லை, அப்போதும். வெறுப்பு உடனே போய்விடாது. போக இடம் தெரியாமல் நிற்கும். அவள் உள்ளே அது அப்படித்தான் நின்றது, கத்தி தேய்ந்து பிடி மட்டும் கையில் மிஞ்சியதுபோல.

"அப்ப சுவிட்ச்ச போட்டது யாரு?" என்றான் கலியன். முதல்முறையாக அவன் பேச்சில் கிண்டல் இல்லை.

*

கடையின் பின்மூலையில் பழைய மிஷின் நீலத் தார்ப்பாயின் கீழ் இருந்தது. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஹெலன் அதை மூடினாள். வாசலோரம் இருந்த சுவிட்ச் பெட்டியைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கயிறு கட்டினாள். புது மிஷினுக்கு வேறு சுவரில் வேறு கம்பி இழுத்தாள். அவன் விரல் கடைசியாகப் பட்ட இடம் என்று நினைத்து மூடியது.

வினோதா கயிற்றை அவிழ்த்தாள்.

இரண்டு பொத்தான்கள். ஓடவைக்கப் பச்சை. நிறுத்தச் சிவப்பு.

"பூஜையன்னைக்கு போட்டோ எடுத்தீங்களா?"

ஹெலன் குணாளனின் போனைக் கொண்டுவந்தாள். மாலை போட்ட மிஷின், பொரி, வாழைப்பழம், சுவிட்ச் பெட்டி. படத்தில் பச்சைமேலும் பொட்டு, சிவப்புமேலும் பொட்டு.

சுவரில் சிவப்புப் பொத்தானின் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஆனால் முழுதாக இருந்தது. நடுவில் குங்குமம் கலையவில்லை. பச்சையில் பொட்டு இல்லை. ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இழுபட்ட மஞ்சள் கறை மட்டும்.

"சிவப்ப யாரும் தொடல," என்றாள் வினோதா.

"டிரிப்பர் வுழுந்திருக்கும்," என்றாள் ஹெலன். தன் குரல் எங்கிருந்தோ கேட்டது. "கல்லு இறுகினா மோட்டாரு தானா நின்னுடும். அணைக்கவே தேவயில்ல."

"ஆனா அணைச்சதால சந்தனம் ஒட்டுச்சுன்னு ஒருத்தர் சொன்னாரு."

முந்தானையால் துடைத்த கை. கடைசி நேரத்தில் குணாளனைத் தாங்கிய கை என்று நெற்றியில் ஒற்றிக்கொண்ட கை. ஹெலன் சுவரைப் பிடித்துக்கொண்டாள். விழாமல் இருப்பதற்காக அல்ல. சுவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதுபோல.

"இன்னாக்கா, கடைல கூட்டமா? கெழக்கே மழையா பேயுது..."

ஷிப்டு முடிந்து எட்வர்ட் கையில் டிபன் பார்சலோடு வந்தான். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அக்காவைப் பார்த்தான். வினோதாவைப் பார்த்தான். பிறகு உறை கழன்ற சுவிட்ச் பெட்டியைப் பார்த்தான். பார்சலை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போலக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

"எட்வர்ட்," என்றாள் ஹெலன். "நீ எந்தப் பொத்தான அமுக்கின?"

"செவப்பு. சொன்னேனேக்கா."

"வந்து பாரு."

அவன் வரவில்லை. கலியன் மெல்ல நகர்ந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். "மழை வருதுப்பா," என்றான். "வெளிய போவாத."

எட்வர்ட் பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"வெளயாட்டுக்கா. ஆண்டவர் சத்தியமா வெளயாட்டு. கம்பெனி பிளேட்ட தீட்டிக்கினு போவ வந்தேன். ஷிப்டுக்கு லேட்டாவுது, சீக்கிரம் மாமான்னேன். பூசை முடியட்டும்டான்னாரு. கல்பூரம் அணைஞ்சு போச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அவரு குனிஞ்சுக்கினு இருந்தது மிஷினு மறைவுல தெரில. 'பாரு மாமா, உன் சாமி கேக்காமயே ஓடுது'ன்னு சொல்லி..."

"அமுக்கின."

"அமுக்கினேன்."

"அப்பறம்?"

"பயந்துட்டேன்க்கா. ஓடிப்போயி டீக்கடைல நின்னேன். எல்லாரும் ஓடும்போது நானும் ஓடியாந்தேன்."

டீக்கடைக்குப் போய் நின்ற அந்தக் கொஞ்ச நேரம். குணாளன் இந்தத் தரையில் தனியாகக் கிடந்த நேரம். ஹெலன் அதை மட்டும் மனதில் எடுத்து வைத்துக்கொண்டாள். விளையாட்டை ஒருவேளை பிறகு என்றாவது மன்னிக்க எண்ணலாம். இதை எண்ண முடியாது.

"அன்புராஜு பைக்கு?"

எட்வர்ட் தலையைக் குனிந்தான். "நீதான்க்கா மொதல்ல அவன் பேரச் சொன்ன. ஆஸ்பத்திரில. அவன்தான், அவன்தான்னு கத்தின. நான் ஆமான்னேன்."

அது உண்மை. அவள்தான் சொன்னாள். பெயரை அவள் கொடுத்தாள், பைக்கை இவன் கொடுத்தான். இரண்டையும் சேர்த்து ஒரு மனிதனின் தொப்பையைக் கரைத்தார்கள். நாஷ்டா வாங்கிவந்து வைத்துவிட்டு, அவள் இட்லியைப் பிட்டு வாயில் போடுகிறவரை நின்று பார்த்தானே, அப்போது அவள் கண்ணில் எதைத் தேடினான்? சந்தேகத்தைத்தான். அது இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக ஷிப்டுக்குப் போயிருக்கிறான்.

வினோதா அமைதியாகச் சொன்னாள்: "நான் உங்ககிட்ட வேலைக்கு வந்தவ, ஹெலன். கண்டுபிடிச்சதச் சொல்லிட்டேன். அன்புராஜ்கிட்ட வீடியோ இருக்கு, ஆனா அது அவர் வரலன்னுதான் காட்டும். விரிசல் கல்லு வித்தார்ங்கறது, நீங்க வாய் தொறக்காத வரைக்கும், அப்படியே நிக்கும். இந்தப் பொத்தானப் பத்தித் தெரிஞ்சது இங்க இருக்கறவங்களுக்குத்தான். வெள்ளிக்கிழமை என்ன சொல்றதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அதைக் கேட்டதும் எட்வர்டின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஹெலன் அதைக் கண்டாள். அந்த வெளிச்சத்தைக் கண்ட கணத்தில்தான் அவளுக்குள் இடம் தெரியாமல் நின்றிருந்த வெறுப்பு நகர்ந்து ஓரிடத்தில் உட்கார்ந்தது.

"அக்கா." அவன் கிட்டே வந்தான். பார்சலைப் புது மிஷின்மேல் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தான். "நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். சும்மா இரு, போதும். நான் கோர்ட்டுல சொல்லிக்கிறேன். அவன் இன்னா நல்லவனா? மாமா சட்டையப் புடிச்சவன்தான? அவன் நாசமாப் போவணும்னு நீயே எத்தினி தபா சொல்லியிருக்க. அவன் மேலயே இருக்கட்டும்க்கா. அம்மாவுக்கு நான் ஒருத்தன்தான். வேலை போயிடும். ஜெயிலுக்கா போவச் சொல்ற? எனக்காவ, இந்த ஒரு தபா."

வெளியே மழை தகரக் கூரையில் இறங்கியது. அவன் கட்டைவிரல் அவள் மணிக்கட்டின்மேல் இருந்தது. நகம் சுத்தமாக வெட்டியிருந்தது. எப்போதும் சுத்தமான பிள்ளை. குளிப்பாட்டிய நாட்கள் அவளுக்கு நினைவிருந்தன. அவை எதையும் இளக்கவில்லை. அன்புராஜுக்கு வேண்டியிருந்தது ஒரு கத்தி. இவனுக்குக் கத்தி வேண்டாம். இவனுக்கு அவள் வாய் திறந்தால் போதும்.

அவள் கையை மெதுவாக, அவனுக்கு வலிக்காமல், விடுவித்துக்கொண்டாள்.

"மாட்டேன், எட்வர்ட்," என்றாள்.